ஒரு பல்

மிதித்தால் பெடல் இறங்குகிறது.
சக்கரம் தன்பாட்டில் போகிறது.
பின்பிறேக்கின் நோயை இவ்வளவுதான் சொல்லலாம்,
மிச்சமெல்லாம் ஊகம்.

எண்பத்திரண்டாம் ஆண்டுச் சாமான்.
கண்ணிவெடி கிண்ட வந்த வெள்ளைக்காரன்
கரடியனாற்றில் விட்டுப்போனது.
சீற் என்று சொல்ல ஒன்றுமில்லை, நின்றுதான் ஓட்ட வேண்டும்.
பாறை ஏறவென்றே செய்த வண்டியில்
நான் மாட்டுப்பட்டிகளுக்குப் போகிறேன்,
முதுகில் நைதரசன் குடுவை,
அதற்குள் உறைந்து கிடக்கும் நூறு காளைக்கன்றுகள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்
பாறைக்கே கூட்டிப்போவேன்.
அங்கே பிறேக் என்பது வேகம் குறைக்க அல்ல,
பாதி ஏற்றத்தில் ஒரு மூச்சு நிற்க.

நிற்கவில்லை.
வண்டியும் நானும் பின்பக்கமாக வந்தோம்,
முழங்காலுக்குக் கீழே
பாறை தன் பெயரை எழுதியது.

நொண்டிக்கொண்டே ஏறாவூருக்குப் போய்
ஜெஸீலின் கடையில்
நாலுபேர் நிற்கும்போது சொன்னேன்:
"நீ தந்த சூ டூப்ளிகேட்."
அவன் ஒன்றும் பேசவில்லை.
லாச்சியை இழுத்தான். இரண்டாயிரத்து நானூறு.
நோட்டுகளைத் தலைமாறாமல் அடுக்கித் தந்தான்.
அந்த அடுக்கல்தான் எனக்கு உறுத்தியது,
ஆனால் வாங்கிக்கொண்டேன்.

வாழைச்சேனையில் வேறு சோடி.
மூன்று நாள்.
மிதித்தால் பெடல் இறங்குகிறது.
சக்கரம் தன்பாட்டில் போகிறது.

அப்போதுதான் சந்தேகம்
கடையை விட்டு வீட்டுக்கு வந்தது.

செங்கலடியில் கரண்ட் இல்லாத இரவு.
சாக்கு விரித்துச் சில்லைக் கழற்றினேன்.
சூவின் முகம் கண்ணாடிபோல் மினுங்கியது;
மண்கடதாசியில் தேய்த்து அந்த மினுக்கை எடுத்தேன்.
டிரம்மில் விரலை ஓட்டினேன், விளிம்பு இல்லை.
சீலில் ஒயில் கசிவு இல்லை.
காம் தண்டு இறுகியிருக்குமோ என்றால்
அதுவும் சுகமாகத் திரும்பியது.
எல்லாரும் நிரபராதிகள்.
நுளம்பு மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

கடைசியில் வெளியே உள்ள கையை,
யாரும் சந்தேகப்படாத அந்தச் சின்ன இரும்புக் கையை,
பல்துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்த்தேன்.
சேறு போனதும் ஒரு புள்ளி.
தண்டின் முனையில் இன்னொரு புள்ளி.
இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டியவை.
பார்க்கவில்லை.
நடுவே ஒரு பல் தூரம்.

பிடிக்கும் நேரத்தில் கம்பியும் கையும்
செங்கோணத்தில் நிற்க வேண்டும்.
தாண்டிப் போனால்
கதவைப் பிணைச்சலோரம் தள்ளுகிற மாதிரி,
கால் நோகும், கதவு அசையாது.

மார்கழி வெள்ளத்தில் டிரம்முக்குள் தண்ணி போன அன்று
வாயில் டோர்ச்சைக் கடித்துக்கொண்டு
அவசரமாகப் பூட்டிய ஆள்
வேறு யாருமில்லை.

கையைக் கழற்றி
ஒரு பல் பின்னால் வைத்தேன்.
நட்டு இரண்டு சுற்று.
முற்றத்தில் தள்ளி, உள்ளங்கையால் பெடலை அமத்தினேன்.
வண்டி நாய்க்குட்டியைப்போல் குந்தியது.
சந்தோசப்பட்டிருக்க வேண்டும்.
விடியும்வரை நித்திரை வரவில்லை.

காலையில் கடைவாசலில்
நிறுத்த நினைத்த இடத்திலேயே நின்றது,
சீமெந்தில் ஒரு சாண் கறுப்புக் கோடு.
ஜெஸீல் என்னைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தான்.
"எந்தக் கடச் சூ?"
"சூ இல்ல. கை ஒரு பல்லு மாறிக் கிடந்த."
"ஆரு மாத்தின?"
"நான்தான்."

நேற்றைய நாலுபேரில்
ஒருவர்கூட இல்லை அங்கே.
சொன்னது யாருக்குக் கேட்கும்.

காசை மேசையில் வைத்தேன்.
அவன் குனிந்து அதே பெட்டியை எடுத்தான்,
மூடியில் என் கிறீஸ் பெருவிரல்.
"கொண்டு போ பேரின்பம்.
நீ கதச்ச கதைக்குப் பிறகு
இத ஆருக்கும் விக்க ஏலா."

குடுவைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துக் கட்டினேன்.
பதுளை வீதியில்
தேவையில்லாத இடத்திலெல்லாம்
பிறேக்கை மிதித்துக்கொண்டே போனேன்.